கதை மனசில் நிற்குது... கணக்கு நிற்குதா? பிசினஸ், பொருளாதார ஆடியோ புத்தகங்களை எப்படி கேட்பது? - முழு விளக்கம்

காலையில் பஸ் ஏறியதும் காதில் ஹெட்செட். மாலையில் வீடு திரும்பும்போது மறுபடியும் அதே. ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது கூடுதலாக ஒரு மணி நேரம். இப்படியே இரண்டு, மூன்று வாரத்தில் 11 மணி நேரம் ஓடும் ஒரு புத்தகம் முடிந்துவிடுகிறது. "முழு புக்கையும் முடிச்சிட்டேன்" என்று ஒரு திருப்தி.

அடுத்த வாரம் நண்பர் கேட்கிறார்: "அந்தக் கம்பெனி ஏன் ஜெயிச்சதுன்னு புக்ல சொல்றாங்க?"

நிறுவனர் வீட்டை அடமானம் வைத்தது ஞாபகம் இருக்கிறது. பார்ட்னரோடு சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறது. ஆனால் எந்த வருடம் திருப்பம் வந்தது, அதற்கு என்ன காரணம், லாபம் எவ்வளவு என்று கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை.

ஆடியோ புத்தகம் கேட்கும் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பொருளாதாரம், தொழில், தொழில்நுட்ப வரலாறு ஆகிய மூன்று வகைப் புத்தகங்களிலும் கதையும் கணக்கும் கலந்தே வரும். கதை காது வழியாக எளிதில் உள்ளே போய்விடுகிறது. கணக்கு அப்படிப் போவதில்லை. இந்தப் புத்தகங்களை நம்பி முதலீடு, வேலை மாற்றம், சொந்தத் தொழில் என்று முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது அவசியம்.

ஆடியோ புத்தகம் எப்படி வந்தது, காதில் கேட்டால் புரியுமா, எந்தப் புத்தகத்தைக் கேட்கலாம், எதைக் கையில் எடுத்துப் படிக்க வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

ஆடியோ புத்தகம், பாட்காஸ்ட், சம்மரி... மூன்றும் ஒன்றா?

இல்லை. அச்சில் வந்த ஒரு புத்தகத்தை வரி விடாமல் ஒருவர் வாசித்துப் பதிவு செய்தால் அது முழுமையான ஆடியோ புத்தகம். அதிலேயே சில பகுதிகளை வெட்டி, சுருக்கி வாசித்தால் அது சுருக்கப் பதிப்பு. கேசட் காலத்தில் இந்தச் சுருக்கப் பதிப்புகள் நிறைய வந்தன. நீளமான புத்தகத்துக்கு அதிக கேசட் தேவைப்பட்டதும், அதனால் விலை ஏறியதும் அதற்கு ஒரு காரணம்.

பாட்காஸ்ட் என்பது கேட்பதற்காகவே தயாரிக்கப்படும் நிகழ்ச்சி. 15 நிமிட 'புக் சம்மரி' வேறு ரகம். அது புத்தகத்தைப் பற்றி வேறு யாரோ எழுதிய குறிப்பு. புத்தக ஆசிரியர் எந்த ஆதாரத்தை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. ஒரு புத்தகத்தை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க சம்மரி உதவும். புத்தகத்தைப் படித்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு புத்தகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஆங்கில ஆடியோ புத்தகங்கள் பொதுவாக நிமிடத்துக்கு 150 முதல் 160 வார்த்தை வேகத்தில் வாசிக்கப்படுகின்றன. அந்தக் கணக்கில் ஒரு லட்சம் வார்த்தை உள்ள புத்தகம் சுமார் 11 மணி நேரம் வரும். தினமும் 40 நிமிடம் கேட்டால் பதினாறு, பதினேழு நாளில் முடிக்கலாம்.

பெரிய புத்தகங்கள் இதைவிட நீளம். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி எழுதிய '21ஆம் நூற்றாண்டில் மூலதனம்' என்ற புத்தகத்தின் ஆங்கில ஆடியோ சுமார் 25 மணி நேரம். வால்டர் ஐசக்சன் எழுதிய ஸ்டீவ் ஜாப்ஸ் வாழ்க்கை வரலாறும் ஏறக்குறைய அதே அளவுதான்.

ஆடியோ புத்தகம் எங்கிருந்து வந்தது?

இன்று போனில் கேட்கும் இந்த வசதி முதலில் பார்வையற்றவர்களுக்காகத் தொடங்கியது. அமெரிக்காவில் 1934இல் பார்வையற்றோருக்கான 'பேசும் புத்தகங்கள்' இசைத்தட்டு வடிவில் வந்தன. ஒரு பக்கத்தில் சுமார் 15 நிமிடம்தான் பதிவு செய்ய முடியும். அதனால் ஒரு புத்தகத்துக்கே ஒரு கட்டு இசைத்தட்டு தேவைப்பட்டது. 1935இல் பிரிட்டனிலும் இதே சேவை தொடங்கியது. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களும் அதன் முதல் பயனாளர்களில் இருந்தார்கள்.

1952இல் நியூயார்க்கில் இரண்டு இளம் பெண்கள், பார்பரா ஹோல்ட்ரிட்ஜும் மரியான் மான்டெலும், கவிஞர் டிலன் தாமஸின் குரலைப் பதிவு செய்து 'கேட்மன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பொதுமக்களுக்கான இலக்கிய ஒலிப்பதிவு ஒரு வியாபாரமாக மாறியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த திருப்பம் டிராஃபிக்கில் வந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்கர் டுவால் ஹெக்ட். கலிஃபோர்னியாவில் வேலைக்காகத் தினமும் நீண்ட தூரம் கார் ஓட்டியவர். ரேடியோவில் ஓடும் பாட்டும் செய்தியும் அலுத்துப்போக, 1975இல் 'புக்ஸ் ஆன் டேப்' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். முழுப் புத்தகத்தையும் கேசட்டில் பதிவு செய்து, தபாலில் வாடகைக்கு அனுப்புவதுதான் தொழில். கேட்டு முடித்ததும் வாடிக்கையாளர் திருப்பி அனுப்ப வேண்டும். வேலைக்குப் போகும் நேரத்தைப் படிக்கும் நேரமாக மாற்றலாம் என்பதை ஒரு வியாபாரமாகக் காட்டிய ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று.

பிசினஸ் எழுத்தாளர் தொடங்கிய 'ஆடிபிள்'

1995இல் 'ஆடிபிள்' நிறுவனத்தைத் தொடங்கிய டான் கேட்ஸ் ஒரு பத்திரிகையாளர். சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்தைப் பற்றியும், நைக்கி நிறுவனத்தைப் பற்றியும் புத்தகம் எழுதியவர். பிசினஸ் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவரே ஆடியோ புத்தக பிசினஸில் இறங்கினார்.

1997இல் அந்த நிறுவனம் ஒரு கையடக்கக் கருவியைக் கொண்டு வந்தது. விலை சுமார் 200 டாலர். அதில் இரண்டு மணி நேர ஆடியோ மட்டுமே அடங்கும். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் வந்தது 2001இல். அதற்கு நான்கு வருடம் முன்பே டவுன்லோடு செய்து கேட்கும் கருவி கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அன்றைய இன்டர்நெட் வேகம் ரொம்பக் குறைவு. ஒரு புத்தகத்தை இறக்குவதே பெரிய வேலை. யோசனை சரியாக இருந்தாலும், சுற்றியுள்ள தொழில்நுட்பம் தயாராகும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொழில்நுட்ப வரலாற்றுப் புத்தகங்கள் திரும்பத் திரும்பக் காட்டும் பாடமும் இதுதான்.

2008இல் சுமார் 300 மில்லியன் டாலருக்கு ஆடிபிளை அமேசான் வாங்கியது. ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டோரிடெல் 2017இல் இந்தியாவுக்கு வந்தது. ஆடிபிளின் இந்திய சேவை 2018இல் தொடங்கியது.

படிப்பதும் கேட்பதும் ஒன்றா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும்.

2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 'அன்புரோக்கன்' என்ற புனைவல்லாத புத்தகத்தின் பகுதிகளை ஒரு குழு படித்தது, ஒரு குழு கேட்டது, இன்னொரு குழு இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தது. உடனே வைத்த தேர்விலும், இரண்டு வாரம் கழித்து வைத்த தேர்விலும் மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தப் புத்தகம் ஒரு போர் வீரரின் வாழ்க்கைக் கதை. சம்பவம், மனிதர்கள், ஆபத்து என்று கோவையாகப் போகும்.

2010இல் வெளியான இன்னொரு ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு உளவியல் பாடம் தொடர்பான கட்டுரை கொடுக்கப்பட்டது. ஒரு குழு அதைப் படித்தது. இன்னொரு குழு அதையே பாட்காஸ்டாகக் கேட்டது. தேர்வில் கேட்டவர்கள் தெளிவாகவே குறைந்த மதிப்பெண் எடுத்தார்கள். இங்கே இருந்தது கதை அல்ல, பாடம்.

2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 46 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் படிப்பதற்கும் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், தன் வேகத்தில் படிக்கும் வாய்ப்பு கிடைத்தவர்களுக்குக் கூடுதலாகப் புரிந்தது. நேரடியாகச் சொன்ன தகவலை நினைவில் வைப்பதைவிட, சொல்லாததை ஊகித்துப் புரிந்துகொள்ளும் இடங்களில் படிப்பவர்களுக்கு மேலும் சாதகம் இருந்தது.

ஆக, சம்பவம் என்றால் காது போதும். ஆனால் ஒரு வாதத்தைப் படிப்படியாகப் பின்தொடர வேண்டிய இடத்தில், நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி போகும் வசதி தேவை.

எண்கள் ஏன் காதில் நிற்பதில்லை?

படிக்கும்போது புரியாத வரி வந்தால் கண் தானாகவே நின்றுவிடும். இரண்டு வரி பின்னால் போய் மறுபடி படிக்கும். இதை நாம் யோசித்துச் செய்வதுகூட இல்லை. ஆடியோவில் அப்படி நிற்காது. புரிந்தாலும் புரியாவிட்டாலும் குரல் போய்க்கொண்டே இருக்கும். போனை எடுத்து, லாக் திறந்து, 30 நொடி பின்னால் போக வேண்டும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது அதை எத்தனை பேர் செய்வார்கள்?

கவனமும் அலையும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் அறிவியல் வரலாற்றுப் புத்தகத்தின் பகுதிகளில் ஒன்றை வாய்விட்டும், ஒன்றை மனதுக்குள்ளும் ஒவ்வொருவரும் படித்தார்கள், இன்னொன்றைக் கேட்டார்கள். கேட்டபோதுதான் கவனம் அதிகமாகச் சிதறியது. வாய்விட்டுப் படித்தபோது மிகக் குறைவாகச் சிதறியது.

ஓர் எடுத்துக்காட்டு. பிக்கெட்டியின் புத்தகத்தில் ஒரு மையக் கருத்து உண்டு. சொத்திலிருந்து கிடைக்கும் வருமான விகிதம், நாட்டின் பொருளாதார வளர்ச்சி விகிதத்தைவிட நீண்ட காலத்துக்கு அதிகமாக இருந்தால், ஏற்கெனவே சொத்து உள்ளவர்கள் மேலும் மேலும் முன்னால் போவார்கள் என்பதே அது. காதில் கேட்டால் "ஆமா, சரிதான்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

அதையே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒருவரிடம் 1 லட்சம் ரூபாய் சொத்து. அது வருடம் 5% வளர்கிறது. இன்னொருவருக்கு வருடம் 1 லட்சம் சம்பளம். அது வருடம் 1.5% ஏறுகிறது. 30 வருடம் கழித்து சொத்து சுமார் 4.32 லட்சம் ஆகியிருக்கும். சம்பளம் சுமார் 1.56 லட்சத்தில் நிற்கும். தொடக்கத்தில் மூன்றரை சதவீத வித்தியாசம். முடிவில் ஒன்று நான்கு மடங்குக்கு மேல், இன்னொன்று ஒன்றரை மடங்கு. கூட்டு வளர்ச்சியின் இந்த வேகம் கண்ணால் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

அப்போ எதைக் கேட்கலாம், எதைப் படிக்கலாம்?

இந்தப் புத்தகங்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் தேர்வு எளிது.

*முதல் வகை: காதுக்கே ஏற்றவை.* நிறுவனங்களின் கதை, தொழிலதிபர்களின் வாழ்க்கை, கண்டுபிடிப்புகளின் வரலாறு ஆகியவை. சம்பவங்கள் கால வரிசையில் போகும். ஓர் இடத்தில் கவனம் தவறினாலும் கதையைப் பிடித்துக்கொள்ளலாம்.

செமிகண்டக்டர் துறையின் வரலாற்றைச் சொல்லும் கிறிஸ் மில்லரின் 'சிப் வார்' (2022) இந்த ரகம். 1947இல் பெல் லேப்ஸில் டிரான்சிஸ்டர் பிறந்ததில் தொடங்கிய தொழில், 1987இல் தைவானில் மோரிஸ் சாங் டிஎஸ்எம்சி நிறுவனத்தைத் தொடங்கியதும் எப்படித் திசை மாறியது என்பது நாவல் போல விரியும்.

மார்க் லெவின்சன் எழுதிய 'தி பாக்ஸ்' (2006) கப்பல் கன்டெய்னரின் வரலாறு. 1956 ஏப்ரல் 26இல் மால்கம் மெக்லீன் என்ற லாரித் தொழிலதிபர், 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 பெட்டிகளை அமெரிக்காவின் நுவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பிய காட்சியை ஒருமுறை கேட்டாலே மறக்காது.

ஆனால் அதே புத்தகத்தில் ஒரு முக்கியமான எண்ணும் இருக்கிறது. அன்றைக்கு மூட்டை மூட்டையாகச் சரக்கு ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் செலவானது. கன்டெய்னரில் அது 16 சென்ட்டுக்கும் கீழே வந்தது. உலக வர்த்தகமே மாறியதன் வேர் இந்த ஓர் எண்ணில் இருக்கிறது. கதையை நினைவில் வைத்து, இந்த எண்ணைத் தவறவிட்டால் பாதிப் புத்தகம் போச்சு.

*இரண்டாம் வகை: கேட்கலாம், ஆனால் நிறுத்தி நிறுத்தி.* ஒரு கருத்தை முன்வைத்து அதற்கு ஆதாரம் அடுக்கும் புத்தகங்கள். டேனியல் கானெமன் எழுதிய 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' (2011) இதற்கு நல்ல உதாரணம். வாசகரிடம் சின்னச் சின்னப் புதிர்கள் போட்டு, பதில் சொல்ல வைத்து, பிறகு விளக்கும் புத்தகம் அது. பதில் யோசிக்கும் முன்பே குரல் விடையைச் சொல்லிவிட்டால் அந்தப் பயிற்சியின் பயன் போய்விடும். புதிர் வந்ததும் பாஸ் போட வேண்டும்.

*மூன்றாம் வகை: கையில் வைத்துப் படிக்க வேண்டியவை.* வரைபடம், அட்டவணை, சூத்திரம் நிறைந்த புத்தகங்கள். பிக்கெட்டியின் புத்தகம் இதில் சேரும். இப்படிப்பட்ட ஆடியோ புத்தகங்கள் பலவற்றோடு வரைபடங்கள் அடங்கிய பிடிஎஃப் கோப்பும் தருகிறார்கள். கேட்பவர்களில் பலர் அதைத் திறந்துகூட பார்ப்பதில்லை.

நல்ல குரல் சொன்னால் எல்லாம் உண்மையா?

இதுதான் பிசினஸ் ஆடியோ புத்தகங்களில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம். தன்னம்பிக்கையோடு ஒருவர் காதருகே 10 மணி நேரம் பேசினால், அவர் சொல்வதை நம்பத் தோன்றும். நிறுத்தி யோசிக்கும் வாய்ப்பும் குறைவு.

ஜிம் காலின்ஸ் எழுதிய 'குட் டு கிரேட்' (2001) உலகம் முழுவதும் விற்பனையில் சாதனை படைத்த புத்தகம். ஆடியோவில் அவரே உற்சாகமான குரலில் வாசித்திருக்கிறார். சாதாரண நிலையிலிருந்து சிறந்த நிலைக்கு உயர்ந்தவை என்று 11 அமெரிக்க நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் வெற்றிக்கான பொதுக் காரணங்களை அடுக்குகிறார்.

அந்த 11இல் ஒன்று சர்க்யூட் சிட்டி. 2008 நவம்பரில் திவால் மனு கொடுத்து, அடுத்த வருடமே கடைகளை மூடிவிட்டது. இன்னொன்று ஃபேனி மே. 2008 செப்டம்பரில், நிதி நெருக்கடியின் நடுவே அமெரிக்க அரசே அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. மூன்றாவது வெல்ஸ் ஃபார்கோ வங்கி. வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமல் கணக்கு திறந்த விவகாரத்தில் 2016இல் 185 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது.

இன்னும் ஒரு சுவாரசியம். அதே 11 பேர் பட்டியலில் வால்கிரீன்ஸ் மருந்துக்கடை நிறுவனமும் இருக்கிறது. ஜான் கேரிரூ எழுதிய 'பேட் பிளட்' (2018) புத்தகத்தைக் கேட்டால் அங்கேயும் வால்கிரீன்ஸ் வரும். விரல் நுனி ரத்தத்தில் ஏகப்பட்ட பரிசோதனை செய்யலாம் என்று சொன்ன தெரனோஸ் நிறுவனத்தை நம்பி, 2013இல் தன் கடைகளுக்குள் அதன் மையங்களைத் திறக்க அனுமதித்த நிறுவனமாக. தெரனோஸ் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் 2022இல் தண்டிக்கப்பட்டார். ஒரு புத்தகத்தில் முன்மாதிரியாக வந்த நிறுவனம், இன்னொரு புத்தகத்தில் ஏமாந்த நிறுவனமாக வருகிறது.

காலின்ஸ் இந்தக் கேள்விகளைத் தவிர்க்கவில்லை. பெரிய நிறுவனங்கள் ஏன் சரிகின்றன என்று 2009இல் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் 'குட் டு கிரேட்' மட்டும் கேட்டு நிறுத்தியவருக்கு இது எதுவும் தெரியாது. 2001இல் எழுதிய வரிகளை அந்தக் குரல் இன்றும் அதே உறுதியோடு சொல்லிக்கொண்டிருக்கும்.

ஜெயித்தவர்களை மட்டும் கேட்டால் என்ன ஆகும்?

1,024 பேர் வரிசையாக நின்று நாணயம் சுண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பூ விழுந்தவர் தொடரலாம், தலை விழுந்தவர் வெளியே. ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாகப் பாதிப் பேர் வெளியேறுவார்கள். 10 சுற்று முடிவில் ஒருவர் மிஞ்சுவார். அவர் தொடர்ந்து 10 முறை பூ போட்டவர்.

அவரிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன சொல்வார்? விரலை எப்படி வைத்தேன், காலையில் எத்தனை மணிக்கு எழுந்தேன், தோல்விக்கு எப்படிப் பயப்படாமல் இருந்தேன் என்று சொல்வார். பொய் சொல்ல மாட்டார். உண்மையிலேயே அப்படித்தான் நம்புவார். ஆனால் வெளியேறிய 1,023 பேரில் பலரும் அதே நேரத்துக்கு எழுந்து, அதே மாதிரிதான் சுண்டியிருப்பார்கள். அவர்களிடம் யாரும் புத்தகம் எழுதச் சொல்வதில்லை.

தொழில் வெற்றி முழுக்க அதிர்ஷ்டம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உழைப்பும் திறமையும் உண்மைதான். ஆனால் அதே உழைப்பு போட்டும் தோற்றவர்களின் கதையைச் சேர்த்துக் கேட்காவிட்டால், எது காரணம், எது தற்செயல் என்று பிரிக்க முடியாது. ஜெயித்த நிறுவனத்தின் எல்லாச் செயலும் நமக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிவதை 'ஒளிவட்ட விளைவு' என்பார்கள். பில் ரோசன்ஸ்வைக் என்ற மேலாண்மைப் பேராசிரியர் 2007இல் இதையே தலைப்பாக வைத்து, பிரபல பிசினஸ் புத்தகங்களின் ஆய்வு முறையை விமர்சித்து ஒரு புத்தகம் எழுதினார்.

எனவே ஒரு வெற்றிக் கதை கேட்டால், அதோடு ஒரு தோல்விக் கதையும் கேட்பது நல்லது.

1.5 வேகத்தில் ஓடவிடலாமா?

2021இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வாளர்கள் 231 மாணவர்களுக்கு வீடியோ பாடங்களைச் சாதாரண வேகம், 1.5, 2, 2.5 மடங்கு என்று போட்டுக் காட்டினார்கள். இரண்டு மடங்கு வரை புரிதலில் பெரிய இழப்பு இல்லை. அதைத் தாண்டியதும் மதிப்பெண் குறைந்தது.

ஆனால் அவர்கள் உட்கார்ந்து பாடத்தை மட்டுமே கவனித்தவர்கள். அலுவலக ஆங்கிலம் தெரிந்திருந்தாலும், பேச்சு ஆங்கிலத்தை வேகமாகப் பிடிக்கச் சிரமப்படுபவர்கள் நம்மில் நிறைய பேர். அவர்கள் முதலில் சாதாரண வேகத்தில் தொடங்கி, வாசிப்பவரின் உச்சரிப்பு பழகிய பிறகு 1.1, 1.25 என்று ஏற்றலாம். எண்ணோ வாதமோ வரும் இடத்தில் வேகத்தைக் குறைக்கலாம். தேவைப்பட்டால் 0.9இலும் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனசில் நிற்க எப்படிக் கேட்பது?

👉 பொருளடக்கத்தைப் பாருங்கள்: கேட்பதற்கு முன் அத்தியாயத் தலைப்புகளை ஒருமுறை படித்துவிடுங்கள். குரல் எங்கே போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால் தொலைந்துபோக மாட்டீர்கள்.

👉 வெளியான வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆடியோ பதிவு புதிதாக இருக்கலாம், புத்தகம் பழையதாக இருக்கலாம். புத்தகம் வந்த பிறகு அந்த நிறுவனத்துக்கு என்ன ஆனது என்று ஐந்து நிமிடம் தேடிப் பாருங்கள்.

👉 அத்தியாயத்துக்கு ஓர் எண்: எல்லா எண்ணையும் நினைவில் வைக்க முடியாது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் கதையைத் திருப்பிப்போட்ட ஒரே ஓர் எண்ணை மட்டும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஆப்பில் உள்ள புக்மார்க் பட்டன் இதற்குத்தான்.

👉 தமிழில் சொல்லிப் பாருங்கள்: ஓர் அத்தியாயம் முடிந்ததும் இரண்டு நிமிடம் நிறுத்தி, கேட்டதை வீட்டில் யாருக்காவது தமிழில் சொல்லுங்கள். ஆள் இல்லாவிட்டால் வாய்ஸ் நோட் போதும். "அது வந்து... அது என்னன்னா..." என்று இழுத்தால், அந்த இடம் புரியவில்லை என்று அர்த்தம். மறுபடி கேளுங்கள்.

👉 வேலையைப் பார்த்துப் புத்தகம்: நடை, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது போன்ற கை பழகிய வேலைகளோடு ஆடியோ ஒத்துப்போகும். மெயில் எழுதிக்கொண்டோ, கணக்கு பார்த்துக்கொண்டோ கேட்டால் இரண்டும் கெடும். டூவீலர் ஓட்டும்போது ஹெட்செட் வேண்டவே வேண்டாம்.

👉 பணம் போடும் முன் படியுங்கள்: ஒரு புத்தகத்தின் யோசனையை வைத்துச் சேமிப்பை எடுக்கப்போகிறீர்கள் என்றால், அந்த அத்தியாயத்தை மட்டுமாவது அச்சிலோ திரையிலோ நிதானமாகப் படியுங்கள். அடிக்குறிப்புகளையும் சேர்த்து. ஆடியோவில் பெரும்பாலும் அடிக்குறிப்புகள் வாசிக்கப்படுவதில்லை.

காசு கொடுக்காமல் கேட்க முடியுமா?

முடியும், சட்டப்படியே. 2005இல் ஹியூ மெக்குவயர் தொடங்கிய 'லிப்ரிவாக்ஸ்' தளத்தில், காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்கிறார்கள். டவுன்லோடு இலவசம். பொருளாதாரத்தின் அடிப்படை நூல்களில் சில அங்கே உள்ளன. ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' (1776), தோர்ஸ்டீன் வெப்லனின் 'தி தியரி ஆஃப் தி லெஷர் கிளாஸ்' (1899), முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஒப்பந்தத்தை விமர்சித்து ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் எழுதிய நூல் (1919) ஆகியவற்றைக் கேட்கலாம். ஒரே புத்தகத்தைப் பலர் பகுதி பகுதியாக வாசித்திருப்பதும் உண்டு. பழைய ஆங்கிலம் என்பதால் கொஞ்சம் பொறுமை தேவை.

கட்டணச் சேவையில் சேரும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சில திட்டங்களில் 'கிரெடிட்' கொடுத்து வாங்கிய புத்தகம், சந்தா நின்ற பிறகும் உங்கள் கணக்கில் இருக்கும். வேறு சில திட்டங்களில் சந்தா இருக்கும் வரைதான் கேட்க முடியும். எந்த முறை என்பதை விதிமுறையில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். டெலிகிராமிலும் யூடியூபிலும் அனுமதி இல்லாமல் ஏற்றப்படும் பதிவுகள் காப்புரிமை மீறல். அவற்றில் அத்தியாயம் விடுபட்டிருந்தாலும் கேட்பவருக்குத் தெரியாது.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்ன வசதி?

மற்றவர்களுக்கு ஆடியோ ஒரு வசதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது கல்விக்கும் வேலைக்கும் வழி. காப்புரிமை உள்ள புத்தகத்தையும் இவர்கள் அணுகக்கூடிய வடிவத்துக்கு மாற்ற அனுமதிக்கும் சர்வதேச ஒப்பந்தம் 2013இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஏற்கப்பட்டது. 2014 ஜூனில் அதை உறுதி செய்த முதல் நாடு இந்தியா. 2016இல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற ஆன்லைன் நூலகம் இந்தியாவில் தொடங்கப்பட்டது. அச்சைப் படிக்க இயலாதவர்கள் உறுப்பினராகப் பதிவு செய்து, பல இந்திய மொழிகளில் உள்ள புத்தகங்களை அணுகக்கூடிய வடிவில் பெறலாம்.

இவர்களுக்கு "இதை அச்சில் படித்துக்கொள்ளுங்கள்" என்ற யோசனை பொருந்தாது. அதனால்தான் வரைபடத்தையும் அட்டவணையையும் வார்த்தைகளில் விவரித்துச் சொல்லும் ஆடியோ பதிப்புகள் முக்கியம். "படம் 3ஐப் பார்க்கவும்" என்று வாசித்துவிட்டுப் போகும் பதிப்பு, பிடிஎஃப் திறக்காத மற்றவர்களையும் சேர்த்தேதான் கைவிடுகிறது.

கடைசியாக...

இன்று மாலை பஸ்ஸில் ஒரு பிசினஸ் புத்தகத்தை ஓடவிடப் போகிறீர்கள் என்றால், இறங்கும் முன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுப் பாருங்கள். இன்று கேட்டதில் முக்கியமான எண் எது? ஆசிரியர் சொன்ன காரணத்துக்கு என்ன ஆதாரம் கொடுத்தார்? இதே மாதிரி செய்து தோற்றவர் யாராவது உண்டா?

மூன்றுக்கும் பதில் இருந்தால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். இல்லையென்றால், நாளை காலை பஸ்ஸில் அதே அத்தியாயத்தை இன்னொருமுறை கேளுங்கள்.